சுவரோரத்து முல்லை

"எங்கக்காவை ரெண்டாந்தரமும் சாகடிக்கிறீங்களா மச்சான்?"

செபஸ்தியான் சைக்கிளை நிறுத்தக்கூட மறந்து, அதைப் பிடித்தபடியே கத்தினான்.

பாக்கியநாதன் நிமிரவில்லை. கையில் அரிவாள். சுவரோரத்து முல்லைக்கொடியில் பாதி அரும்போடு தரையில் கிடந்தது.

"கத்தாதே. சைக்கிளை உள்ளே விடு."

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அக்கா கல்லறைக்கு எதைக் கொண்டுபோவீங்க?"

"கடையில வாங்கிக்கிறேன்."

"கடையிலயா! அது உயிரோட இருந்தப்ப ஒரு முழம் வாங்கிக் குடுத்ததில்லை. இப்ப வாங்கப் போறாராம்!"

அடி சரியான இடத்தில் விழுந்தது. திருச்சி ஜங்ஷனில் டிக்கெட் கொடுத்துவிட்டுப் பாலக்கரைக்குத் திரும்புகிற அந்த மனிதருக்கு முன்பெல்லாம் பூவும் ஒன்றுதான், புல்லும் ஒன்றுதான்.

ஐம்பத்தேழாம் வருஷம் டைபாய்டு அவர் மனைவி அக்னஸைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு, டியூட்டி முடிந்து வந்து பூட்டைத் திறக்கிற சாயங்கால நேரம் அவரை மிரட்டியது. உள்ளே இருக்கப் பயந்து கொல்லையில் போய் நின்றார். சும்மா நிற்க முடியாமல் ஒரு முல்லைப் பதியனை ஊன்றினார். தண்ணீர் ஊற்றினார். கொடி சுவரைத் தொட்டது, பிறகு பந்தல் கேட்டது. பூப் பறித்து முடிக்கும்போது இருட்டிவிடும். அப்புறம்தான் அவரால் உள்ளே போய் விளக்கேற்ற முடிந்தது.

இதெல்லாம் மைத்துனன் செபஸ்தியானுக்கும் தெரியும். அதனால்தான் அவனுக்கு ஆத்திரம்.

"தெருவுல என்ன பேசுறாங்க தெரியுமா? புதுசா ஒருத்தி வரப்போறா, அதான் பழசைச் சுத்தம் பண்றாருன்னு பேசுறாங்க."

"எனக்கா? வாயில பாதிப் பல்லு இல்லை. யாருடா வருவா?"

"சிரிக்காதீங்க. எதுக்கு வெட்டுறீங்க, அதைச் சொல்லுங்க."

பாக்கியநாதன் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. ஆனாலும் அவனைக் கையைப் பிடித்துச் சமையற்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"பக்கத்து வீட்டு வியாகுலம்மா மக அமலராணி வந்திருக்கில்ல?"

செபஸ்தியான் தலையசைத்தான். கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் புருஷனை மஞ்சள் காமாலைக்குப் பறிகொடுத்துவிட்டு, வெள்ளைச் சேலையோடு பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள் அந்தப் பெண்.

"தினம் சாயங்காலம் துணி எடுக்கக் கொல்லைக்கு வருது. பூ அவிழ்ந்து வாசனை கிளம்புற நேரம். சுவத்துக்கிட்ட வந்து நிக்குது. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அழுவுது. நான் கொடிக்குப் பின்னால நிக்கிறது அதுக்குத் தெரியாது."

"அய்யோ பாவம்."

"இருபது வயசுப் புள்ள. இனிமே தலையில பூ வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நான் பாட்டுக்குத் தினம் அந்த வாசனையை அது மூஞ்சியில கொண்டுபோய் வீசுறேன். என் துக்கத்துக்கு மருந்துன்னு ஒண்ணை வளர்த்து, அது புண்ணுல குத்துறேனேன்னு ஆயிடுச்சு."



"இதைத் தெருவுல சொல்லியிருந்தா யாரும் உங்களைப் பேசமாட்டாங்களே மச்சான்."

"சொன்னா அது காதுக்குப் போகும். தன்னாலதான் வெட்டினாங்கன்னு அதுக்கு வேற ஒரு சுமையா?"

செபஸ்தியான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மறுபேச்சில்லாமல் கொல்லைக்குப் போய், அரிவாளை எடுத்து, அடித்தண்டை அவனே வெட்டிச் சாய்த்தான்.

"அக்கா இருந்திருந்தா அதுவும் இதைத்தான் செஞ்சிருக்கும். போயிட்டு வரேன்."

பாக்கியநாதனுக்கு மனசு வலித்தது. வலிக்கு நடுவே, நல்லது செய்துவிட்டோம் என்று ஒரு நிறைவும் இருந்தது. அந்த நிறைவு எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

பொழுது சாய்ந்தது. வெட்டிய கொடிகளை வாரிக்கொண்டிருந்தார்.

"மாமா."

சுவருக்கு அந்தப் பக்கம் அமலராணி. துணியை எடுக்காமல், மொட்டைச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கொடி எங்க மாமா?"

"பூச்சி விழுந்துருச்சும்மா."

"நேத்துகூடப் பார்த்தேனே. ஒரு இலை பழுது இல்லை."

அவர் குனிந்து வாரினார்.

"எனக்காகத்தானே வெட்டுனீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளே தொடர்ந்தாள்.

"நான் வந்ததுலேருந்து பூக்காரி எங்க வாசல்ல கூவுறதில்லை. அம்மா மாதா படத்துக்குக்கூடப் பூ வைக்கிறதை நிறுத்திடுச்சு. எல்லாம் என்மேல இருக்கிற இரக்கத்துலதான் மாமா. எனக்குத் தெரியாதா?"

"நீ இங்க நின்னு அழுறதைப் பார்த்தேம்மா. தாங்க முடியலை."

"வீட்டுல அழுதா அம்மா நெஞ்சுல அடிச்சுக்குது. வாசல்ல அழுதா கூட்டம் கூடுது. இந்த வாசனையில நின்னாத்தான் அவர் பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் அழுதுட்டுப் போய் ரெண்டு வாய் சோறு திம்பேன்."

பாக்கியநாதன் கையிலிருந்த கொடிகளை அப்படியே கீழே விட்டார்.

அவள் குரலில் கோபம் இல்லை.

"நீங்களும் இதே கொடிகிட்ட நின்னு அழுவீங்க. நான் பார்த்திருக்கேன். அது உங்களுக்கு ஆறுதல்னு எனக்குப் புரிஞ்சுது. என்னைப் பார்த்தப்ப மட்டும் உங்களுக்கு ஏன் மாமா அது தோணலை?"