இரண்டாம் முறை உடைத்த வளையல்

கல்யாண மண்டபத்தின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருக்கிறார்கள். வெளியே பட்டப்பகல், உள்ளே இருட்டில் புரொஜெக்டர் கரகரக்கிறது. மேடையோரம் மாலை போட்ட போட்டோவில், போன மாதம் செத்துப்போன பெரிய மனிதர் சிரிக்கிறார். திருத்தணிப் பக்கத்துச் சடங்குகளை முதன்முதலில் படம்பிடித்தவர் அவர்தானாம். திரையில் வெயில் கொளுத்த, ஓர் இளம் விதவையின் கண்ணாடி வளையல்களைக் கிழவிகள் உடைக்கிறார்கள்; அவள் கதறுகிறாள். "என்ன ஒரு நிஜம்!" என்று மைக்கில் உருகுகிறார் சீடர் கணேஷ்ராம். கூட்டம் கைதட்டுகிறது. கடைசி வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள் வசந்தி. திரையில் கதறுபவள் அவளைப் பெற்றவள்.

"எதுய்யா நிஜம்? எங்க நைனா கருமாதிக்கு இருட்டோட இருட்டா வளையல ஒடச்சி முடிச்சிட்டாங்க. வெளிச்சம் பத்தலன்னு, வெயிலு வந்தப்புறம் உங்காளு புதுசா வாங்கியாந்து மாட்டி, மறுபடியும் ஒடைக்க வச்சாரு. பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். தாலியறுத்தவ புது வளையல் போட்டுக்கினாளேன்னு ஊரே காறித் துப்புச்சு. எங்கம்மா சாவுற வரைக்கும் அவளுக்குப் பேரே 'புதுவளையல்காரி'தான்!"

கைதட்டல் அடங்கிவிடுகிறது. கணேஷ்ராம் மேடையிலிருந்து இறங்கி ஓடி வருகிறார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று முன்வரிசை விலகி வழிவிடுகிறது. மேடையில் நிறுத்தியிருந்த வீடியோ கேமரா இப்போது அவர் தோளில். அதில் சிவப்பு விளக்கு எரிகிறது.

"அற்புதம்மா! இப்படிப் புரொஜெக்டர் வெளிச்சத்துக்கு வந்து, அதையே இன்னொரு வாட்டி சொல்றீங்களா?"

வசந்தி வெளிச்சத்துக்கு வருகிறாள். லென்ஸ் கண்ணெதிரே வந்ததும் காறித் துப்புகிறாள்.