இரண்டாவது பொய்மீன்

கழிமுகத்தில் மாட்டிய கொடுவா மீனைக் கரைக்கு இழுத்துப் போட்டபோது, அதன் வாயில் தூண்டிலில் இரைக்குப் பதிலாகக் கட்டும் பொய்மீன்கள் இரண்டு இருந்தன. ஒன்று தொபியாஸ் சற்றுமுன் வீசியது. மற்றது தாடையோரம் அறுந்த தூண்டில் நரம்போடு தொங்கியது. பச்சை முதுகில் சிவப்பு நெயில் பாலிஷ். அப்படிப் பூசுகிறவன் ஊரில் கஸ்பார் ஒருவன்தான். முள்ளில் ஒரு பொட்டுத் துருகூட இல்லை.

கூட்டாளி மிக்கேல் இதே தண்ணீரில் மூழ்கிச் செத்த பிறகு, அவன் மனைவி ரெஜினா தொபியாஸ், கஸ்பார் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, "இனி நீங்களாவது அந்தப் பக்கம் போகாதீங்கண்ணே" என்று அழுதாள். மறுநாளே அவள் கண்ணெதிரில் இருவரும் தங்கள் பொய்மீன் டப்பாக்களைக் கடலில் எறிந்தார்கள். தொபியாஸின் டப்பாவில் இருந்தது வெறும் கூழாங்கல். அந்த வெட்கத்தில் அன்றுமுதல் கஸ்பாரின் முகத்தை நேராகப் பார்க்கவே கூசினான்.

போன ஞாயிறுகூட ரெஜினா வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி, "அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கிறதில்லம்மா" என்றான் கஸ்பார். இத்தனை மாதமும் வீணாகக் கூசியிருக்கிறோமே என்று தொபியாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துரோகி. செல்போனை எடுத்து அவனை அழைத்தான்.

"எங்கடா இருக்கே?"

"வீட்லதான். நீ?"

"நானும் வீட்லதான்."

"என்னடா அங்க தண்ணிச் சத்தம்?"

"குழாயை மூடாம வந்துட்டேன்" என்றான் தொபியாஸ். வாலடிக்கும் சத்தம் கேட்டுவிடாதபடி, கொடுவாவைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.