ஊர்ச் சாட்சி

ஜேர்மனியோடு சண்டை தொடங்கிய கிழமையே, டொக்டர் ரோசனையும் ஜேர்மன்காரர் என்று பிடித்துக்கொண்டு போக ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்கு இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

"இவர் ஜேர்மன்காரர் இல்லை, யூதர். ஹிட்லருக்குத் தப்பி ஓடிவந்தவர்" என்று தணிந்த குரலில் சொல்லி, பெரிய டொக்டர் சத்தியபாமா குறுக்கே நின்றாள். கொழும்புக்கு நடையாய் நடந்து, மேலதிகாரிகளிடம் மன்றாடி அவரை இங்கே வரவழைத்தவளே அவள்தான்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனுசன். "யூதரெண்டால் விட்டிட்டுப் போறன் அம்மா. ஆனால் சாட்சி வேணும்" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, வாசலில் திரண்டிருந்த சனத்தைப் பார்த்தார்.

"இவர் யூதரோ?"

சனம் கொதித்துப்போயிற்று.

"ஆர் ஐயா அப்பிடிச் சொன்னது?" மீன்பிடி வள்ளங்கள் வைத்திருக்கும் சம்மாட்டி சந்தியோகு முன்னுக்கு வந்தார். "என்ரை பெண்சாதியைச் சாவிலயிருந்து மீட்ட மனுசன். யேசுவைச் சிலுவையில அறைஞ்ச சாதியோ இவர்? அசல் ஜேர்மன்காரர். அந்தோனியார் மேல சத்தியம்!"

"ஓம், சத்தியம்!" என்றது ஊர்.

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"டொக்டரம்மாதான்."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "அப்ப எனக்கு மட்டும் ஏன் அம்மா வேற கதை?"

பெரிய வெள்ளிக்கிழமைகளில் இந்தச் சனம் யூதரைத் திட்டுவதைக் கேட்டுப் பயந்து, ரோசன் வந்திறங்கிய அன்றே சத்தியபாமா சொல்லிவைத்த பொய் அது.

வள்ளம் அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகும் சந்தியோகு அவளைத் தேற்றிக்கொண்டு நின்றார்.

"அழாதையுங்கோ அம்மா. எங்கட டொக்டரை யூதனாக்க நாங்கள் விடேல்லைத்தானே."