வெள்ளாடு, 1948

"இது எந்த மிருகத்தோட மண்டையோடு?" என்று கேட்டார், ஆசிரியப் பயிற்சி மாணவிகளுக்குச் செய்முறைத் தேர்வு நடத்தச் சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி.

காஞ்சிபுரம் பயிற்சிப் பள்ளியிலிருந்து தேர்வுக்கு வந்திருந்த ஏழாம் நம்பர் மாணவி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "செம்மறி ஆடு சார்."

தேர்வு நடந்த செங்கல்பட்டுப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் செங்கல்வராயன் சிரித்தார். "என் நோட்டைப் பாருங்க சார். 'வெள்ளாடு, 1948'. மகாபலிபுரம் கரையில கிடைச்ச ஆமைத் தலையிலேருந்து எல்லாம் நானே சேர்த்தது. இது கறிக்கடை ஹமீது பாய் குடுத்தது. ஆட்டு விஷயத்துல அவர் பொய் சொல்லமாட்டார்."

மாணவியின் முகம் வெளிறியது. ஆனாலும், "கண்குழிக்கு முன்னாடி சின்னப் பள்ளம் இருக்கு சார். வெள்ளாட்டுக்கு அது கிடையாது" என்றாள்.

"அவரையே கூப்பிட்டுக் கேட்டுடுவோம்" என்றார் அதிகாரி.

கடையைப் போட்டது போட்டபடி விட்டு வந்த ஹமீது, மண்டையோட்டைப் பார்த்தார். மாணவியைப் பார்த்தார்.

"செம்மறின்னு சொன்னது இந்தப் பொண்ணா?"

"ஆமாம்."

"வாஸ்தவந்தாங்க. அன்னிக்கு வெள்ளாடு அறுக்கல. வாத்தியார் அவசரப்படுத்திகினு இருந்தாரு. இதக் குடுத்து வெள்ளாடுன்னு சொல்லிட்டேன்."

வாசலில் நின்ற பியூன், "அப்போ கடையில விக்கிற கறி?" என்று முணுமுணுத்தான். ஹமீதோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"பொய் சொன்னதை இவ்வளவு பெருமையா ஒத்துக்கிறீங்களே, பாய்!" என்றார் அதிகாரி.

"பின்ன இன்னாங்க? பத்து வருசமா வாத்தியார் கண்டுபுடிக்கல. என் பொண்ணு ஒரே நிமிசத்துல கண்டுபுடிச்சிட்டாளே!"