சோடியம் விளக்கின் விலை

கல்லூரி ஆய்வகத்தில் அந்தப் பழைய ஜெர்மன் சோடியம் விளக்கு என் பொறுப்பில் இருந்தபோதுதான் காணாமல் போயிற்று. அதோடு என் வேலையும் போயிற்று. கூட வேலை பார்த்த பொன்னுலிங்கம் ஒருவன்தான் என்னைத் திருடன் என்று சொல்லாதவன். விசாரணைக்கெல்லாம் தன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். அவன் இறந்தபின் அவன் சாமான்களை விற்பதாக மனைவி செண்பகம் சொல்லியனுப்பினாள். ஏதாவது வாங்கி உதவலாம் என்று போனேன்.

பரணிலிருந்து அவள் இறக்கித் தந்தது அந்த விளக்கு. அடியில் இருந்த கல்லூரி முத்திரையைப் பொன்னுலிங்கம் சுரண்டியிருந்தான். போட்டுப் பார்த்தேன். முதலில் ரோஸாகி, மெல்ல மஞ்சளுக்கு வந்தது. அந்த வெளிச்சத்தில் வேறு நிறம் எதுவும் நிற்காது. செண்பகத்தின் சிவப்புச் சேலை கருத்துப்போயிற்று.

“இது எப்படிம்மா இங்க வந்தது?”

“என்கிட்டயே விளையாடுதியளா அண்ணாச்சி? நீங்கதான கொண்டாந்து குடுத்திய. வெளிய தெரிஞ்சா அண்ணாச்சி ஜெயிலுக்குப் போயிருவாருன்னு அவுக ஒளிச்சு வச்சிருந்தாக. நானும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல.”

அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை. இத்தனை வருஷமும் என்னைத் திருடன் என்று நம்பியும் பிரியத்தோடுதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

வாங்கினால் திருட்டுப் பொருள் என் வீட்டுக்கு வந்துவிடும். விட்டுவிட்டுப் போகவும் கால் எழவில்லை. காசு கொடுத்தாலாவது என்னுடையது இல்லை என்று ஆகும்.

“விலை சொல்லும்மா,” என்றேன்.

செண்பகம் சிரித்துவிட்டாள். “நல்லா இருக்கே! ஒங்க பொருளுக்கு ஒங்ககிட்டயே விலை கேப்பாகளா?”