மாசாணம் அண்ணன் போடாத கையெழுத்து

முன்பணம் வாங்கிக்கொண்டு மனையை எழுதித்தர மறுத்த மாசாணம் அண்ணன்மீது வழக்குப் போட்டு ஜெயித்தேன். அப்போதும் அவர் அசையவில்லை. கடைசியில், அவருக்குப் பதிலாக நீதிமன்றமே பத்திரத்தில் கையெழுத்திடும் என்று உத்தரவானது. கையெழுத்து நாளன்று பத்திர ஆபீசுக்கு முதல் ஆளாக, சலவை வேட்டியில் அவரே வந்து நின்றார்.

"வந்ததுதான் வந்தீங்க, நீங்களே போட்டுடலாமே?" என்றார் கோர்ட் ஊழியர்.

"நான் போட மாட்டேன். எனக்காக எவரு போடுறாருன்னு பாக்க வந்தேன்."

ஊழியர் போட்டார். அண்ணன் எட்டிப் பார்த்து, "அழகாத்தான் போடுறீங்க" என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. "சார், என் எருமை தினமும் அந்த மனையில இருக்கிற பள்ளத்துலதான் போய்ப் படுக்கும். இனிமே வராதேன்னு அதுகிட்டயும் எனக்குப் பதிலா நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாய் வரல."

ஊழியர் என்னைப் பார்த்தார். மூன்று வருடம் வழக்காடிய வீரனான நான், பேனா மூடியைத் தேட ஆரம்பித்தேன்.

இப்போது வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. வாசலில் எதற்கு இவ்வளவு பெரிய பள்ளம் என்று கொத்தனார் கேட்டார். வாஸ்து என்றேன். அவர் நம்பிவிட்டார். என் மனைவிதான், "வாஸ்து சாணி போடுமா?" என்கிறாள்.