கூடு கனத்த வாசல்

“மாதா வேணாம் எண்டு சொல்லிப்போட்டா, பாக்கியம். அதுக்கு மேல நான் என்ன செய்ய?” என்று சொல்லிவிட்டு அல்பிரட் பாணைப் பிய்த்துச் சம்பலில் தொட்டார்.

“மாதா உங்களோட மட்டுமா கதைக்கிறா? நானும் தினம் செபமாலை சொல்லுறன். எனக்கு ஒண்டும் சொல்லல்லியே” என்றாள் பாக்கியம்மா.

“செபம் முடியேக்க மனசுக்குள்ள குரல் கேட்டது. மகளுக்கு டிலக்சன்ட வீட்டுச் சம்பந்தம் வேணாமாம்.”

அந்தக் குரலைப் பாக்கியம்மாவுக்கு நன்றாகத் தெரியும். படகுக்குப் புது எஞ்சின் வாங்கச் சொன்னதும் அதுதான். அவள் தம்பி கேட்டபோது படகைக் கொடுக்காதே என்றதும் அதுதான். அல்பிரட் மனதில் என்ன இருக்கிறதோ, அதை மாதா ஒரு சொல் பிசகாமல் அப்படியே சொல்லிவிடுவாள்.

இந்தத் தடவை குரலுக்குக் காரணம் டிலக்சனின் தகப்பன் சிலுவைராசா. சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து வந்து இந்தக் கற்பிட்டிப் பக்கம் தங்கிவிட்டவர். சண்டை முடிந்தபின் இன்னொரு படகும் வாங்கி, அல்பிரட்டின் படகுக்குப் பக்கத்திலேயே கரையேற்றினார்.

“இந்தக் கரை மாதா எங்கட ஆக்களுக்குத் தந்தது” என்றார் அல்பிரட்.

“காணி உறுதியும் மாதாவே எழுதித் தந்தாவா?” என்று கேட்டார் சிலுவைராசா.

அன்றோடு இருவருக்கும் பேச்சில்லை. தகப்பன்மார் பேசாத குறையையும் சேர்த்து அல்பிரட்டின் மகள் தர்சனாவும் டிலக்சனும் பேசித் தீர்த்தார்கள். அது கல்யாணப் பேச்சில் வந்து நின்றது.

தர்சனாவின் தட்டு தொடாமலே மேசையில் கிடந்தது. அல்பிரட் அதை இரண்டு மூன்று தரம் பார்த்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார்.

இவர் மாதாவின் பேரைச் சொல்லலாம் என்றால் நானும் சொல்லலாம்தானே என்று பாக்கியம்மா நினைத்தாள்.

கோயில் திருநாள் நெருங்கியிருந்தது. மாதாவின் சுருவத்தைப் பூக்கள் சோடித்த கூட்டில் வைத்து எட்டுப் பேர் தோளில் தூக்கி ஊரைச் சுற்றி வருவார்கள். வழியில் கூடு திடீரென்று கனத்துவிட்டால், அந்த இடத்தில் மாதாவுக்கு ஏதோ குறை என்று அர்த்தம். அதைத் தீர்க்காமல் கூட்டை நகர்த்த ஊர் விடாது.

கூடு சோடிப்பது பெண்களின் வேலை. திருநாளுக்கு முதல் நாள் மற்றவர்கள் தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், பழைய சேலைத் துணியில் கட்டிய இரண்டு பெரிய உப்பு மூட்டைகளைப் பாக்கியம்மா சுருவத்தின் பின்னால் தள்ளி, பூக்களால் மூடினாள். சிலுவைராசாவின் வாசலில் கால் புதையும் மணல். முன்வரிசையில் தூக்கும் அல்பிரட்டுக்கோ முழங்கால் வருத்தம். மாதா மன்னிப்பாள், புத்தளத்து உப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் பின்னேரம் ஊர்வலம் புறப்பட்டது. பாக்கியம்மாவின் கையில் செபமாலை ஓடியது, கண் மட்டும் அல்பிரட்டின் முழங்காலிலேயே இருந்தது.

சிலுவைராசாவின் வாசல் வந்தது. அல்பிரட்டின் கால் மடங்கியது.

“நில்லுங்க. கூடு கனக்குது” என்றார் அவர்.

கூட்டம் நின்றது. பக்கத்தில் தூக்கியவர், “ஓம் ஓம், கல்லு மாதிரிக் கனக்குது” என்றார். பின்னால் நின்ற இருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

மெழுகுதிரியோடு வாசலில் நின்ற சிலுவைராசாவின் முகம் வெளுத்தது. “என்ர வாசலிலயா? என்ன குறையாம்?”

அல்பிரட் அவர் பக்கம் திரும்பினார். “நாங்க ரெண்டு பேரும் கதைக்காத குறைதான். வந்து தோள் குடு, சிலுவை.”

சிலுவைராசா மெழுகுதிரியை மகனிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்து தோள் கொடுத்தார். கூடு எழும்பிப் பஞ்சாகப் போனது. சந்தி திரும்புவதற்குள், “பொடியன்ட விசயம் கதைக்க நாளைக்கு வீட்டுக்கு வாங்க. மாதாவே சொல்லிப்போட்டா, இனி நான் என்ன செய்ய?” என்று அல்பிரட் சொல்வது பாக்கியம்மாவின் காதில் விழுந்தது. அன்று இரவு தர்சனா இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

ஆனால் கூட்டைக் கலைத்தபோது உப்பு மூட்டைகளைக் காணவில்லை. யாரோ கண்டு எடுத்துவிட்டார்கள் என்று பாக்கியம்மா நினைத்தாள். விசயம் ஊருக்குத் தெரிந்தால் கல்யாணம் போய்விடும். நேரே ஃபாதரிடம் ஓடினாள்.

“ஃபாதர், கடவுளின் பேரை வீணாக எடுத்துப்போட்டன்” என்று தொடங்கி, உப்பு வரைக்கும் ஒன்று விடாமல் அழுதுகொண்டே சொல்லி முடித்தாள்.

ஃபாதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். “பிழைதான், பாக்கியம். எங்கட ஆசையை மாதாட வாயில திணிக்கக் கூடாது. ஒரு கிழமைக்கு வீட்டில மண்டியிட்டுச் செபமாலை சொல்லுங்க. ரெண்டு பேருமாச் சேந்து.”

“அவருக்கு என்னத்துக்கு, ஃபாதர்? அவர் ஒண்டும் அறியார்.”

ஃபாதர் எழுந்து அலுமாரியைத் திறந்தார். அவளுடைய பழைய சேலைத் துணியில், கட்டு அவிழாமல், இரண்டு மூட்டைகளும் உள்ளே இருந்தன.

“திருநாளண்டு காலையிலேயே உன்ர மனுசன் கூட்டைத் தூக்கிப் பாத்து, உள்ள உன்ர சேலைத் துணியைக் கண்டு எடுத்து, என்னட்டத் தந்துபோட்டான். ‘இந்தப் பாரத்தோட என்னால அவ்வளவு தூரம் நடக்க ஏலாது, ஃபாதர்; சிலுவைட வாசல் வந்தா நானாவே நிண்டுகொள்ளுறன்’ எண்டான்.”